கேஷ் மீது போடும் பழி

இணையதளத்தில் விலையை மாற்றியாயிற்று; வாடிக்கையாளருக்கு இன்னும் பழைய விலையே தெரிகிறது. புகார் வருகிறது. மென்பொருள் குழுவிலிருந்து போகும் முதல் பதில் எந்த நிறுவனத்திலும் ஒன்றுதான்: “கேஷ் கிளியர் பண்ணிட்டுப் பாருங்க சார்.” அதற்கடுத்த பதில், “இன்காக்னிட்டோல திறந்து பாருங்க.” அதே புகார் மூன்றாம் முறை வந்தால், குழுவில் ஒருவர் சர்வர் அமைப்பைத் திறந்து, கேஷைத் தடுப்பதற்குத் தனக்குத் தெரிந்த அத்தனை சொற்களையும் ஒரே வரியில் எழுதிவிட்டு நிம்மதியடைகிறார்.

இதைச் சோம்பல் என்று ஒதுக்க மாட்டேன். இதற்குப் பின்னால் ஒரு வாதம் இருக்கிறது; அனுபவசாலிகளே அதைச் சொல்கிறார்கள். பழையதைக் காட்டுவது தாமதமாகக் காட்டுவதைவிட மோசம் என்கிறார்கள். தாமதமாக வந்த சரியான விலை எரிச்சல் தரும், உடனே வந்த தவறான விலை வழக்கு வரை கொண்டுபோகும். ஒருவருடைய பக்கம் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும் ஆபத்தும் உண்டு; 2015 கிறிஸ்துமஸ் நாளில் ஸ்டீம் விளையாட்டுக் கடையில் அதுதான் நடந்தது. பிரவுசரில் ஒரு கேஷ், அலுவலக பிராக்ஸியில் ஒன்று, சிடிஎன்னில் ஒன்று என்று அடுக்கடுக்காக இருக்கும்போது விதிகளை முழுக்கப் புரிந்துகொள்ள யாருக்கும் நேரமில்லை. நெட்வொர்க்கும் இப்போது வேகமாகிவிட்டது. ஆகவே அணைத்து வை, தேவைப்படும் இடத்தில் மட்டும் பிறகு திற. இதுதான் அவர்கள் நிலைப்பாடு.

அச்சங்கள் நியாயமானவை. அவற்றிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு தவறு. ஒரு பதில் எவ்வளவு நேரம் செல்லும், அதை யார் யார் வைத்துக்கொள்ளலாம், மறுபடி காட்டும்முன் கேட்க வேண்டுமா என்பதெல்லாம் அந்தப் பதிலைத் தயாரித்தவருக்கு மட்டுமே தெரியும். அதைச் சொல்வதற்கென்றே எச்டிடிபி ஹெட்டரில் இடம் இருக்கிறது. அந்த இடத்தை வெறுமையாக விடுவதும், கண்ணை மூடிக்கொண்டு ‘எதையும் வைக்காதே’ என்று நிரப்புவதும், நம் பொறுப்பைப் பயனர் தலையில் கட்டுவதன் இரண்டு வடிவங்கள்தான்.

1. எதுவும் சொல்லாத சர்வர் கேஷை அணைத்துவிட்டதா?

அப்படித்தான் பலர் நம்புகிறார்கள். ‘நாங்கள் கேஷ் எதுவும் வைக்கவில்லையே’ என்று சத்தியம் செய்கிறார்கள். அவர்கள் சர்வர் அனுப்பும் பதிலைப் பார்த்தால் ‘கேஷ்-கன்ட்ரோல்’ இல்லை, ‘எக்ஸ்பயர்ஸ்’ இல்லை, ‘லாஸ்ட்-மாடிஃபைடு’ மட்டும் இருக்கும்.

எச்டிடிபி கேஷுக்கான இன்றைய தரநிலை 2022 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 9111. செல்லுபடிக் காலத்தைச் சர்வர் சொல்லவில்லை என்றால் கேஷே அதை ஊகித்துக்கொள்ளலாம் என்று அது வெளிப்படையாக அனுமதிக்கிறது. வழக்கமான ஊகம், கடைசியாக மாற்றி எத்தனை நாள் ஆகிறதோ அதில் 10 சதவீதம். 100 நாளாக மாறாத பக்கம் என்றால் 10 நாள் செல்லும். இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஓர் ஆண்டாகத் தொடாமல் வைத்திருந்த கட்டணப் பட்டியலை இன்று மாற்றுகிறீர்கள். நேற்று அதைப் பார்த்தவரின் பிரவுசர், அவராக ரீலோட் அழுத்தாதவரை, ஒரு மாதத்துக்கு மேல் பழைய பட்டியலையே காட்டினாலும் அது விதிமீறல் ஆகாது. அரிதாக மாறுவதால் கவனிக்கப்படாத பக்கம்தான் மாறும்போது மிக நீண்ட நேரம் பழையதாகவே நிற்கும்.

காலாவதித் தேதி அச்சிடாத மாத்திரை அட்டையைக் கடைக்கு அனுப்பிவிட்டு, கடைக்காரர் தானாக ஒரு தேதியைக் குறித்துக்கொண்டார் என்று கோபப்படுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

301 என்ற நிரந்தரத் திருப்பம் இதைவிடக் கொடுமை. அதற்குக் காலம் குறிப்பிடாவிட்டால் பிரவுசர்கள் அதை மிக நீண்ட காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். தவறான முகவரிக்கு 301 கொடுத்துவிட்டுப் பிறகு சர்வரில் திருத்தினாலும், ஏற்கெனவே வந்துபோனவரின் பிரவுசர் உங்களைக் கேட்காமலே பழைய திசைக்குப் போய்விடும். சோதனைக் கட்டத்தில் 302 கொடுங்கள். 301 கொடுக்கும்போது காலத்தையும் எழுதுங்கள்.

2. எல்லாத் தடையையும் ஒன்றாகக் குவித்தால் தடை உறுதியாகுமா?

இணையத்தில் பிரதியெடுத்துப் பிரதியெடுத்துப் பரவிய ஒரு வரி உண்டு: ‘நோ-ஸ்டோர், நோ-கேஷ், மஸ்ட்-ரீவேலிடேட், மேக்ஸ்-ஏஜ்=0, போஸ்ட்-செக்=0, ப்ரீ-செக்=0’. துணைக்கு ‘பிராக்மா: நோ-கேஷ்’ வேறு. இதில் போஸ்ட்-செக்கும் ப்ரீ-செக்கும் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கென்று மைக்ரோசாஃப்ட் சேர்த்தவை. அந்தப் பிரவுசரே போய்ச் சேர்ந்துவிட்டது. பிராக்மா 1996இல் எச்டிடிபி 1.0 காலத்தில் வந்தது. அது பிரவுசர் அனுப்பும் கோரிக்கைக்காக வகுத்தது. சர்வரின் பதிலில் அதற்கு என்ன பொருள் என்று யாரும் வரையறுக்கவில்லை. ஆர்எஃப்சி 9111 அதை ஓய்வுக்கே அனுப்பிவிட்டது.

பிஎச்பியில் செஷன் தொடங்கினாலே, நீங்கள் கேட்காமல், காலாவதித் தேதியாக 1981 நவம்பர் 19 என்று போட்டு, கூடவே நோ-ஸ்டோரும் நோ-கேஷும் சேர்ந்து போகும். அது அந்த மொழியின் இயல்பு அமைப்பு. எத்தனையோ தளங்கள் தாம் கேஷை அணைத்திருப்பது தெரியாமலே ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன.

குவிப்பதில் உள்ள அடிப்படைத் தவறு, நோ-ஸ்டோரும் நோ-கேஷும் ஒரே கட்டளை என்ற எண்ணம். நோ-ஸ்டோர் என்றால் எங்கும் எழுதி வைக்காதே. நோ-கேஷ் என்றால் வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறை காட்டும்முன் என்னைக் கேள். பழையது தெரியவே கூடாது என்று அஞ்சுபவருக்கு வேண்டியது இரண்டாவது மட்டுமே. முதலாவதைச் சேர்த்து எழுதும்போது இரண்டாவது தரும் பலனை அவரே வெட்டிவிடுகிறார்.

அந்தப் பலன் எப்படி வருகிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த விவாதத்தின் உயிர் இங்கேதான். சர்வர் ஒரு பக்கத்தை முதன்முறை அனுப்பும்போது ‘ஈடேக்’ என்ற ஹெட்டரில் ஓர் அடையாளத்தைச் சேர்க்கிறது. உள்ளடக்கம் மாறினால் அந்த அடையாளமும் மாறும். பிரவுசர் பக்கத்தையும் அடையாளத்தையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பயனர் மறுபடி வரும்போது ‘இஃப்-நன்-மேட்ச்’ என்ற ஹெட்டரில் அந்த அடையாளத்தைத் திருப்பி அனுப்பிக் கேட்கிறது: என்னிடம் இருப்பது இது, இன்னும் செல்லுமா? மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று மட்டும் சொல்கிறது. உள்ளடக்கம் எதுவும் போவதில்லை. 200 கிலோபைட் பக்கத்துக்குப் பதில் சில நூறு பைட்டுகள். மாறியிருந்தால் 200 என்ற எண்ணோடு புதுப் பக்கமும் புது அடையாளமும் போகும். சர்வர் சரி என்று சொல்லாத பிரதியைப் பிரவுசர் காட்டவே இல்லை. அணைப்பவர்கள் கேட்கும் அதே உத்தரவாதம் இதில் முழுமையாகக் கிடைக்கிறது. நோ-ஸ்டோர் அதற்கு மேல் புதுமையில் ஒரு துளியும் கூட்டுவதில்லை, ஒவ்வொரு முறையும் முழுப் பக்கத்தை அனுப்ப வைக்கிறது, அவ்வளவே.

எல்லைகளும் உண்டு, மறைக்கவில்லை. பக்கத்தை முழுதாகத் தயாரித்த பிறகே ஈடேக்கைக் கணக்கிடும் சர்வருக்கு 304 அலைவரிசையை மிச்சப்படுத்தும், உழைப்பை மிச்சப்படுத்தாது. பல சர்வர்கள் பின்னால் நின்று பதில் சொல்லும் தளத்தில் ஒவ்வொன்றும் வேறு வேறு ஈடேக் தந்தால் 304 கிடைக்கவே கிடைக்காது. பழைய அப்பாச்சி, கோப்பின் ஐநோடு எண்ணையும் ஈடேக்கில் சேர்த்ததால் இந்தத் தொல்லை வந்தது, 2.4 வரிசையில் அதை இயல்பு அமைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இவையெல்லாம் சரிசெய்யக்கூடிய கோளாறுகள். அணைப்பதற்கான காரணங்கள் ஆகா.

3. கேஷைச் செல்லாததாக்குவது கடினம் என்ற பழைய வாக்கு யாருக்குச் சாதகம்?

நெட்ஸ்கேப்பில் பணியாற்றிய ஃபில் கார்ல்ட்டன் சொன்னதாக வழங்கும் ஒரு கூற்று உண்டு: கணினித் துறையில் கடினமானவை இரண்டே, அவற்றில் ஒன்று கேஷைச் செல்லாததாக்குவது. எதிரணியினர் இதை ஓர் அத்தாட்சிப் பத்திரம் போல நீட்டுகிறார்கள். கூற்று உண்மைதான். உலகெங்கும் சிதறிக் கிடக்கும் பிரதிகளைத் தேடிப் பிடித்து ‘நீ செல்லாது’ என்று சொல்வது மிகக் கடினம். அதனால்தான் எச்டிடிபியை வடிவமைத்தவர்கள் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்யவே முயலவில்லை. போஸ்ட், புட் போன்ற கோரிக்கைகள் தாம் கடந்துபோகும் கேஷில் அதே முகவரியின் பிரதியைச் செல்லாததாக்கும்; அதோடு சரி. மற்றதற்கெல்லாம் அவர்கள் தந்தவை வேறு இரண்டு: தானாகத் தீரும் காலமும், மேலே சொன்ன சரிபார்ப்பும். எங்கே எத்தனை பிரதி இருக்கிறது என்று சர்வருக்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லாதபடி அமைத்திருக்கிறார்கள்.

இதோடு மூன்றாவதாக, உள்ளடக்கம் மாறும்போது முகவரியையே மாற்றும் வழியைச் சேர்த்துக்கொண்டால் வேலை முடிந்தது. வெப்பேக், வீட் போன்ற கருவிகள் ஒவ்வொரு ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் கோப்பின் பெயரிலும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு குறியைச் சேர்த்துவிடும். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பின் பெயர் மாறும். அந்தக் கோப்புக்கு ‘மேக்ஸ்-ஏஜ்=31536000’, அதாவது 365 நாள், தாராளமாகத் தரலாம்; அந்த முகவரியில் இருப்பது என்றைக்கும் மாறப்போவதில்லை. அந்தக் கோப்புகளைச் சுட்டும் எச்டிஎம்எல் பக்கத்துக்கு மட்டும் நோ-கேஷ். பக்கம் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கப்படும், புதுப் பெயர்களைச் சொல்லும், புதுக் கோப்புகள் வந்துவிடும். புதுக் கோப்புகளை முதலில் ஏற்றிவிட்டுப் பக்கத்தை அதன் பிறகு மாற்றுங்கள். பழைய பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவருக்காகப் பழைய கோப்புகளைச் சில காலம் விட்டுவையுங்கள்.

கேஷால் சூடுபட்டவர்கள் எங்கே சூடுபட்டார்கள் என்று விசாரித்தால், பெயர் மாறாத ஒரு சிஎஸ்எஸ் கோப்புக்கு ஓர் ஆண்டுக் காலம் கொடுத்த கதைதான் பெரும்பாலும் வெளிவரும். கொடுத்த காலத்தைத் திரும்பப் பெற முடியாது. அந்த வாக்கைக் கொடுத்தது நாம். கேஷ் அதை அப்படியே காப்பாற்றியது.

4. அந்தரங்கம் கசியும் என்ற பயத்துக்கு மருந்து அணைப்பதா?

எதிரணியின் மிக வலுவான வாதம் இது. ஸ்டீம் நிகழ்வை மீண்டும் எடுத்துக்கொள்கிறேன். 2015 டிசம்பர் 25 அன்று சுமார் ஒன்றரை மணி நேரம், ஒருவருடைய கணக்குப் பக்கங்கள் வேறு பலருக்குத் தெரிந்தன. முகவரி, மின்னஞ்சல், வாங்கியவற்றின் பட்டியல் எல்லாம். சுமார் 34,000 பேரின் தகவல் இப்படிப் போயிருக்கலாம் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே அறிவித்தது. காரணத்தையும் அதுவே விளக்கியது: கடைமீது பெரும் போக்குவரத்துத் தாக்குதல் நடந்துகொண்டிருந்தது, அதைச் சமாளிக்க, கேஷ் சேவை தந்த கூட்டாளி நிறுவனம் புது விதிகளை இறக்கியது, அவற்றில் ஒன்று, உள்நுழைந்தவர்களின் பக்கங்களையும் தவறாகச் சேமித்துவிட்டது.

கூட்டம் நெரிக்கும் நேரத்தில், நெருக்கடிக்கு நடுவே, இடையில் நிற்கும் சர்வரில் மாற்றிய விதி கசிவை உண்டாக்கியது. இதிலிருந்து ‘எப்போதும் அணைத்து வை’ என்ற பாடம் எப்படி வரும்? எல்லாவற்றையும் அணைத்து வைத்திருக்கும் தளத்துக்கும் ஒரு நாள் கூட்டம் வரும். அன்று சர்வர் மூச்சுத் திணறும்போது, எந்தப் பக்கம் பொதுவானது, எது தனிப்பட்டது என்று ஒருபோதும் யோசித்திராத குழு, அவசரத்தில் சிடிஎன்னைத் திறந்துவிடும்.

2017இல் ஓமர் கில் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் காட்டிய தாக்குதலும் இதையே சொல்கிறது. கணக்குப் பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் இல்லாத ஒரு சிஎஸ்எஸ் கோப்பின் பெயரை ஒட்டி, உள்நுழைந்திருப்பவரைச் சொடுக்க வைக்க வேண்டும். சர்வர் அந்த வாலைப் பொருட்படுத்தாமல் கணக்குப் பக்கத்தையே அனுப்பும். இடையில் உள்ள கேஷோ, முகவரி சிஎஸ்எஸ் என்று முடிவதைப் பார்த்து, இது பொதுக் கோப்பு என்று சேமித்துவிடும். பிறகு யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். பேபாலில் இது வேலை செய்வதை அவர் நிரூபித்தார். இந்தத் தாக்குதல் பலிப்பதற்குக் கேஷ், சர்வரின் ஹெட்டரைப் புறக்கணித்துக் கோப்பின் வாலை நம்ப வேண்டும். நோ-ஸ்டோர் என்று சர்வர் அலறினாலும் கேட்காத இடைச் சர்வரிடம் இன்னும் உரக்க அலறுவதால் பயனில்லை. ஹெட்டருக்குக் கட்டுப்படும்படி அதை அமைப்பதுதான் தீர்வு.

அணைப்பவர்களில் பலர் அறியாத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘ஆதரைசேஷன்’ ஹெட்டரோடு வரும் கோரிக்கையின் பதிலை, சர்வர் வெளிப்படையாக அனுமதிக்காமல், பொதுக் கேஷ்கள் சேமிக்கக் கூடாது. குக்கிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பதிலில் ‘செட்-குக்கி’ இருந்தால்கூட அதனால் மட்டும் சேமிப்பு தடுக்கப்படுவதில்லை. ஆகவே குக்கியை நம்பி உள்நுழைவை நடத்தும் தளம், அந்தப் பக்கங்களில் ‘பிரைவேட்’ என்று எழுதியே ஆக வேண்டும். பயனரின் பிரவுசர் வைத்துக்கொள்ளலாம், இடையில் யாரும் வைக்கக் கூடாது என்பது அதன் பொருள். வங்கி இருப்பு, மருத்துவ அறிக்கை போன்றவற்றுக்கு நோ-ஸ்டோர் மிகச் சரியான கட்டளை. அங்கே அதை எழுதுங்கள். நிறுவனத்தின் லோகோவுக்கும் அதே கட்டளையைப் போடும் குழு, இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தையே இழந்துவிடுகிறது.

5. நெட்வொர்க் வேகமாகிவிட்டதா?

அகலமாகியிருக்கிறது. தூரம் குறையவில்லை. சென்னையில் இருப்பவர் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள சர்வரிடம் ஒன்றைக் கேட்கிறார் என்று வையுங்கள். மிகக் குறுகிய வழியில் அளந்தாலே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். போய்வர 130 மில்லி விநாடி. கடலடிக் கேபிள்கள் நேராகப் போவதில்லை என்பதால் உண்மையில் அதைவிடக் கூடுதல். எந்த 5ஜி கோபுரமும் இதைக் குறைக்காது. பக்கம் வந்த பிறகே சிஎஸ்எஸ் தேவை என்று தெரியும், சிஎஸ்எஸ் வந்த பிறகே எழுத்துரு தேவை என்று தெரியும். மூன்று பயணத்திலேயே அரை விநாடியை நெருங்கிவிடுகிறோம், இணைப்பை ஏற்படுத்தும் நேரத்தைச் சேர்க்காமலே.

304க்கும் ஒரு பயணம் ஆகிறது என்பதால், பெயரில் குறியுள்ள கோப்புகளுக்கு நோ-கேஷ் போடுவதும் வீண். ரீலோட் அழுத்தும்போது இன்னும் காலம் இருக்கும் கோப்புகளையும் பிரவுசர்கள் சரிபார்த்துக்கொண்டிருந்தன. அதை நிறுத்துவதற்காகவே ‘இம்யூட்டபிள்’ என்ற கட்டளை 2017இல் ஆர்எஃப்சி 8246 ஆக வந்தது.

கேஷ் வேகத்துக்கு மட்டும்தான் என்ற எண்ணமும் தவறு. 2010இல் வந்த ஆர்எஃப்சி 5861இல் ‘ஸ்டேல்-இஃப்-எரர்’ என்று ஒன்று உண்டு: மூலச் சர்வர் விழுந்துவிட்டால், குறிப்பிட்ட காலம் வரை பழைய பிரதியைக் காட்டலாம். எல்லாவற்றுக்கும் நோ-ஸ்டோர் போட்ட தளம் விழும்போது முழுவதுமாக விழும்.

6. பயனரைக் கேஷைத் துடைக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை?

வெளியூரில் கைப்பேசியில் கட்டணம் கட்ட முயலும் ஒருவருக்குப் பிரவுசர் அமைப்பில் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாது. தேடிப் பிடித்து எல்லாவற்றையும் துடைத்தால், மற்ற தளங்களின் உள்நுழைவுகளும் சேர்ந்து போய்விடும். பிரச்சினை சிடிஎன்னில் இருந்தால் அவர் எதைத் துடைத்தும் பயனில்லை. பிரவுசரில் இருந்தால், புகார் சொன்ன ஒருவருக்கு மட்டும் தீரும். சொல்லாமல் பழைய பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்கள் அப்படியே இருப்பார்கள். துடைக்கத்தான் வேண்டும் என்றால் சர்வரே ‘கிளியர்-சைட்-டேட்டா’ ஹெட்டரை அனுப்பித் தன் தளத்தின் பிரதிகளை மட்டும் நீக்கச் சொல்லலாம். அதற்கான ஆதரவு பிரவுசருக்குப் பிரவுசர் வேறுபடும், இருந்தாலும் அந்த முயற்சி நம் பக்கத்தில் நடக்க வேண்டியது.

இன்னொரு கேடும் இதில் இருக்கிறது: துடைத்தவுடன் தடயம் அழிகிறது. டெவலப்பர் தன் கணினியில் டெவ்டூல்ஸைத் திறந்து ‘டிஸேபிள் கேஷ்’ பெட்டியில் டிக் போட்டுவிட்டுத்தான் நாள் முழுவதும் வேலை செய்கிறார். பயனர் பார்க்கும் தளத்தை அவர் ஒரு நாளும் பார்ப்பதில்லை. ‘எனக்குச் சரியாகத்தானே தெரிகிறது’ என்று அவர் சொல்வது உண்மை, பயனற்ற உண்மை.

பார்க்க வேண்டியது பதிலின் ஹெட்டர். நெட்வொர்க் தாவலில் டிஸ்க் கேஷ் அல்லது மெமரி கேஷ் என்று காட்டினால், பிரதி பிரவுசரிலேயே இருக்கிறது. நாம் கொடுத்த காலமோ, கொடுக்காமல் விட்டதால் பிரவுசர் ஊகித்த காலமோ இன்னும் தீரவில்லை. சர்வரிலிருந்து வந்த பதிலில் ‘ஏஜ்’ இருந்தால், இடையில் உள்ள ஒரு கேஷ் அத்தனை விநாடிகளாக அதை வைத்திருக்கிறது. அதை ‘மேக்ஸ்-ஏஜ்’, ‘எஸ்-மேக்ஸ்ஏஜ்’ மதிப்புகளோடு ஒப்பிட்டால் விதிப்படி நடக்கிறதா, சிடிஎன் தன்னிச்சையாக நீட்டித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஏஜும் இல்லை, பக்கமும் பழையது என்றால் தேட வேண்டிய முதல் இடம் பயன்பாட்டின் உள்ளே, டேட்டாபேஸுக்கு முன்னால் நாமே வைத்த கேஷ். அதற்கும் பயனரின் பிரவுசருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பழைய பக்கம் தெரிகிறது என்று வரும் ஒவ்வொரு புகாரிலும் அந்தப் பதிலின் கேஷ்-கன்ட்ரோல், ஏஜ், ஈடேக் மூன்றையும் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டாத டிக்கெட்டை யாரும் மூட அனுமதிக்காதீர்கள்.